கையக்காவின் மூன்று நிமிடம்

சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கட்டடத் தளத்தில் காவல்காரர் முதல் தலைமைப் பொறியாளர் வரை எல்லாருக்கும் அவள் கையக்காதான்.

கிரேனுக்குக் கீழே நின்று கைச்சாடை காட்டுவது அவள் வேலை. பன்னிரண்டு மாடி உயரத்தில், ஆள் நீட்டிப் படுக்க முடியாத ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து பார்த்தால் வானம் தெரியும், ஊர் தெரியும். காலடியில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் பாதிதான் தெரியும். தூக்கு, இறக்கு, இடப்பக்கம் திருப்பு, மெல்ல, நிறுத்து என்று மஞ்சள் உறை போட்ட அவள் கை சொல்லச் சொல்ல, மேலே இரண்டு டன் இரும்பு சொன்ன பேச்சு கேட்கும். வாக்கி டாக்கி உண்டு. ஆனால் கல் அறுக்கிற சத்தத்திலும் கலவை இயந்திரத்தின் இரைச்சலிலும் அதை நம்பினால் பிழைப்பு நடக்காது. அந்த ஆபரேட்டருக்கு 'மேல்வீட்டுக்காரர்' என்று பட்டப்பெயர். பதினேழு வருடமாக இருவரும் ஜோடி. கையக்காவின் சுண்டுவிரல் நடுங்கினால் அவருக்கு அங்கே மூச்சு நிற்கும்.

இந்த வேலையில் கையை ஆட்டக் கற்பது ஒரு வாரம். ஆட்டாமல் இருக்கக் கற்பதற்கு வருடக்கணக்காகும். மூக்கில் ஈ உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முதுகு அரித்தால் அரிக்கட்டும். பேசிக்கொண்டே ஒருவரைப் பார்த்து "அதோ அங்கே" என்று கையை நீட்டினால், மேலே தொங்குகிற சுமை அங்கே கிளம்பிவிடும். அதனால் கையக்காவின் கைகள் வேலையில்லாத நேரத்தில் இரண்டு மரக்கட்டைகள்போல உடம்போடு ஒட்டிக் கிடக்கும். வேலை முடிந்தாலும் அதே கதை. நிறுத்தத்தில் கை காட்டாமல் நின்று பேருந்தைக் கோட்டைவிட்டது எத்தனையோ முறை.

அவள் கணவர் முடிதிருத்துகிறவர். கத்தரி பேசுகிறதா, வாய் வெட்டுகிறதா என்று தெரியாத ஆள். "எங்க வீட்ல எல்லாப் பேச்சும் நான்தாங்க. அவளுக்குக் கைதான் வாய்; அதையும் வேலைக்குன்னு சேர்த்து வெச்சிருக்கா" என்று நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு இருக்கும்.

இப்படிப்பட்டவளை நானூறு பேர் முன்னால் மேடையில் பேசச் சொன்னார்கள்.

காரணம், நான்கு மாதத்துக்கு முன் நடந்த ஒரு சம்பவம். இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று அந்தரத்தில் தொங்கியபோது, அதைக் கட்டியிருந்த நைலான் பெல்ட் பின்பக்கம் கிழிய ஆரம்பித்தது. கையக்கா நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. நான்காம் மாடியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த குருவிக்குத் தெரிந்தது. ஆள் சின்னதாக, நிற்காமல் தத்தித் தத்தி வேலை செய்வதால் அவளுக்கு அந்தப் பெயர். குருவி மேலிருந்து கையை வீசியதைக் கையக்கா பார்த்தாள், கிரேனை நிறுத்தினாள். கீழே இருந்த இரண்டு வெல்டர்களும் அன்று மாலை வீடு போய்ச் சேர்ந்தார்கள். நடந்தது இவ்வளவுதான். ஆனால் நிறுவனத்தின் ஆண்டுக் கூட்டத்தில், எல்லாத் தளங்களிலிருந்தும் வருகிற பொறியாளர்கள் முன்னால் கையக்காவுக்கு ஒரு பாராட்டுப் பட்டயம் தருவதென்றும், அவள் மூன்று நிமிடம் பேசவேண்டும் என்றும் முடிவாயிற்று.

"மூணு நிமிஷமா? நான் மூணு வருஷத்துல அவ்வளவு பேசினதில்ல சார்" என்றாள் கையக்கா.

"அதுக்குத்தான் பயிற்சி ஏற்பாடு பண்ணியிருக்கோம்மா" என்றார் பாதுகாப்பு மேலாளர். அவர் நல்ல மனிதர்தான். எதையும் காகிதத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, கோப்பில் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

பயிற்சி கொடுக்க ஓர் இளைஞன் வந்தான். கழுத்தில் டை, கையில் மடிக்கணினி, முகத்தில் எப்போதும் கால் பங்குச் சிரிப்பு. சந்திப்பு அறையின் நீள மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவளை நடுவில் நிறுத்திப் பேசச் சொன்னான். அவள் பேசினாள். வாய் மட்டும் அசைந்தது.

"மேடம், மூச்சு விடுறீங்களான்னு சந்தேகமா இருக்கு" என்றான் டைத்தம்பி. "கை பேசணும் மேடம். கையை அசைச்சாதான் கேக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரும். பாருங்க, நான் செஞ்சு காட்டுறேன்."

அவன் ஆள்காட்டி விரலை உயர்த்தி, "முதல் விஷயம்!" என்று சுழற்றினான். கட்டைவிரலை நிமிர்த்தி, "சிறப்பு!" என்றான். உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, இடம் வலமாக ஆட்டி, "கவலையே வேண்டாம்!" என்றான்.

கையக்கா அவனையே கண்கொட்டாமல் பார்த்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

"என்ன மேடம்?"

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. விரலைச் சுத்தினீங்களே, அது சுமையைத் தூக்குன்னு அர்த்தம். கட்டைவிரலைக் காட்டினா கிரேனோட கை மேல எழும்பும். அப்புறம் கையை ஆட்டினீங்களே, அது நிறுத்து. அரை நிமிஷத்துல தூக்கி, எழுப்பி, அந்தரத்துல நிறுத்திட்டீங்க."

டைத்தம்பி ஒரு கணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "சரி, அப்போ ரெண்டு கையையும் முன்னாடி கோத்து வெச்சுக்கோங்க. அது பணிவா இருக்கும்."

"அதுக்கும் அர்த்தம் இருக்கு தம்பி. எல்லாத்தையும் அப்படியே நிறுத்திப் பூட்டிடுன்னு."

"பேச ஆரம்பிக்கும்போதே பூட்டிட்டா எப்படி மேடம்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டான் அவன். தலையில் கைவைப்பதற்கும் ஓர் அர்த்தம் உண்டு என்பதை அவள் சொல்லவில்லை. பிள்ளை மேலும் சோர்ந்துபோவான்.

ஆனாலும் அவன் விடுகிற ரகம் இல்லை. கிரேன் சாடைகளின் பட்டியலை வாங்கி, அவற்றோடு மோதாத பன்னிரண்டு அசைவுகளைத் தேடிப் பிடித்தான். எந்த வரிக்கு எந்த அசைவு என்று எண் போட்டுக் கொடுத்தான். கையக்காவும் எடுத்த வேலையை அரைகுறையாக விடுகிறவள் அல்ல. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் கண்ணாடி முன் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று செய்து பார்த்தாள்.

பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் மகள் அதைக் கைபேசியில் படம்பிடித்துக் காட்டினாள். படத்தில் "அனைவருக்கும் வணக்கம்" முடிந்து ஒரு விநாடி கழித்து வலக்கை எழுந்தது. "நன்றி" என்பதற்கு அரை விநாடி முன்பே இடக்கை நெஞ்சுக்கு வந்துவிட்டது.

"அம்மா, கை ஒரு ரயில்ல வருது, பேச்சு அடுத்த ரயில்ல வருது" என்றாள் மகள்.

"கடையில சாவி குடுத்தா ஆடுற பொம்மை ஒண்ணு வெச்சிருந்தேன். அது இதைவிடக் கொஞ்சம் நல்லா ஆடும்" என்றார் கணவர். மகள் முறைத்ததும், "தமாஷுக்குச் சொன்னேம்மா" என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

கையக்காவுக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் சொன்னது சரிதான். மேலே மேல்வீட்டுக்காரருக்குச் சாடை காட்டும்போது அவள் கையை நினைத்ததே கிடையாது. சுமையைத்தான் நினைப்பாள், கை தானாக வரும். இங்கே கையை நினைத்து நினைத்து, எதைச் சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோகிறது.

கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பேச வேண்டியதை அலுவலகத்தில் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். மதிய இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து அதைப் படித்தாள். நிறுவனத்தின் பெருமை ஒரு பத்தி. பிறகு, "நான் பெற்ற தீவிரப் பயிற்சியின் பயனாக, ஆபத்தை முன்கூட்டியே கண்டறிந்து, உடனடியாகச் செயல்பட்டேன்." கடைசியில் நன்றி. மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். குருவி எங்கேயும் இல்லை.

காகிதத்தோடு நேராக மேலாளரின் அறைக்குப் போனாள்.

"சார், இதுல குருவி விட்டுப்போச்சு."

"யாரு?"

"நாலாவது மாடியில கூட்டுறவ. அவதானே முதல்ல பார்த்தது?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, அவங்க ஒப்பந்த ஆளு. பயிற்சி எடுத்தவங்க இல்லை. நம்ம பயிற்சித் திட்டம் வேலை செய்யுதுன்னு காட்டத்தான் இந்தக் கூட்டமே. நேரமும் மூணு நிமிஷம்தான். அறிக்கையிலயும் 'சாடையாளர் கண்டறிந்தார்'னுதான் போயிருக்கு. இனிமே மாத்த முடியாது."

"அறிக்கை போயிடுச்சு, சரி. நடந்தது மாறுமா சார்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கோப்பு ஒன்றைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். திறந்த பக்கம் தலைகீழாக இருந்தது.

கையக்கா நான்காம் மாடிக்கு ஏறினாள். குருவி ஒரு சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

"விடுக்கா. என் பேரு வந்தா என்ன, வராட்டி என்ன? அன்னிக்கு விசில் சார் திட்டினதை நினைச்சாதான் இன்னும் சங்கடமா இருக்கு."

விசில் என்பது ஃபோர்மேன். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"என்ன திட்டினாரு?"

"நான் கத்துறேன், ஒருத்தர் காதுலயும் விழலை. கையை வீசுறேன். அவரு கீழ இருந்து பார்த்துட்டு, கை மைக்குல 'என்னடி, மேடை கிடைச்சதுன்னு ஆடுறியா, போய் வேலையைப் பாரு'ன்னாரு. சுத்தி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. நீங்க மட்டும்தான் சிரிக்கலை."

கையக்காவும் சிரித்திருந்தாள். அரை விநாடி. அதற்குள் ஏதோ உறுத்த, கையைத் தூக்கிவிட்டாள். அந்த அரை விநாடியை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நீ கூட்டத்துக்கு வர்றே" என்றாள்.

"நானா? எனக்கு யாரு அழைப்பு குடுத்தா?"

"எனக்கு ரெண்டு சீட்டு குடுத்திருக்காங்க. ஒண்ணு உனக்கு."

வீட்டில் அதைச் சொன்னபோது கணவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "புள்ளையும் அந்தப் பொண்ணும் உள்ள போகட்டும். நான் வாசல்ல நின்னுக்கிறேன். உன் குரல் சுவரைத் தாண்டி வரும்."

கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை. குளிரூட்டப்பட்ட பெரிய அரங்கம், சிவப்பு நாற்காலிகள், மேடையில் மைக் பொருத்திய ஓர் உயரமான மேசை. கணவர் வாசலோடு நிற்கவில்லை. நுழைவாயில் காவலரிடம் பேச்சுக் கொடுத்து, அவர் கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருப்பதைச் சுட்டிக்காட்டி, ஞாயிற்றுக்கிழமை வந்தால் சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்து, கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்க இடம் பிடித்துவிட்டார். மூன்றாம் வரிசையில் மகளும் குருவியும். நான்காம் வரிசை ஓரத்தில் மேல்வீட்டுக்காரர். பழைய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, தரைமட்டத்தில் இருப்பதே பழக்கமில்லாதவர்போல நெளிந்துகொண்டிருந்தார்.

முதல் வரிசையில் நிறுவனத்தின் தலைவி உட்கார்ந்திருந்தார். நரைத்த குட்டை முடி. எல்லாருடைய பேச்சையும் ஒரே முகத்தோடு கேட்பவர். நல்லது என்றும் சொல்லமாட்டார், கெட்டது என்றும் சொல்லமாட்டார் என்று பெயர்.

கையக்காவை அழைத்தார்கள். மேசைக்குப் பின்னால் போய் நின்றாள். காகிதத்தைப் பிரித்தாள். எதிரே நானூறு முகங்கள். பன்னிரண்டு அசைவுகளும் ஒரே நேரத்தில் மறந்துபோயின. இரண்டு கைகளும் தாமாகப் போய் முன்னால் கோத்துக்கொண்டன. எல்லாவற்றையும் நிறுத்திப் பூட்டு. நான்காம் வரிசையில் மேல்வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தாள்.

"அனைவருக்கும் வணக்கம். நமது நிறுவனம் பாதுகாப்பில்..." பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரல். யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஒருவர் கைபேசியைத் தேய்த்தார். பக்கவாட்டில் நின்ற டைத்தம்பி, "மூன்றாம் அசைவு, மூன்றாம் அசைவு" என்று வாயசைத்து, தன் கையையே ஆட்டிக் காட்டினான்.

"...நான் பெற்ற தீவிரப் பயிற்சியின் பயனாக, ஆபத்தை முன்கூட்டியே..."

அதற்கு மேல் வரவில்லை. மூன்றாம் வரிசையில் குருவி, அவள் பேசுவது தனக்குப் புரியாவிட்டாலும் தலையாட்ட வேண்டும் என்பதுபோல, மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கையக்கா காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"மன்னிச்சுக்கோங்க. இதுல எழுதியிருக்கிறபடி நடக்கலை. எப்படி நடந்துச்சுன்னு சொல்லிடறேன்."

அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மேலாளர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். கையக்கா மேசையைச் சுற்றிக்கொண்டு மேடையின் முன்னால் வந்தாள். மைக் பின்னால் தங்கிவிட்டது. கலவை இயந்திரத்தோடு பதினேழு வருடம் போட்டி போட்ட தொண்டைக்கு மைக் எதற்கு?

"நான் இங்க நிக்கிறேன்" என்று காலை ஊன்றினாள். "எதிர்ல ஒன்பது மாடி. நாலாவது மாடி அங்க." வலக்கை எழுந்து மாடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, சரியாக ஓர் இடத்தில் நின்றது. நானூறு பேரும் அந்தக் காற்றைப் பார்த்தார்கள். அங்கே நான்காம் மாடி இருந்தது. "கீழ ரெண்டு வெல்டர். ஒருத்தருக்கு அடுத்த வாரம் கல்யாணம். குனிஞ்சு வேலை பாக்கறாங்க, தலைக்கு மேல என்ன வருதுன்னு தெரியாது. குழாய்க் கட்டு கிளம்புது."

அவள் விரல் சுழன்றது. கட்டு எழுந்தது. கை நீண்டது. கட்டு திரும்பியது. நான்காம் வரிசை ஓரத்தில் மேல்வீட்டுக்காரரின் வலக்கை, அவருக்கே தெரியாமல், முழங்காலுக்குப் பக்கத்தில் இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்து மெதுவாக இழுத்தது. பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்தவரை இடித்துக் காட்டினார்.

"அப்போ நாலாவது மாடியில ஒருத்தி. கையில விளக்குமாறு. பெல்ட் கிழியறதைப் பாத்துட்டா. அவளுக்குச் சாடை தெரியாது. யாரும் சொல்லிக் குடுக்கலை. அவ என்ன பண்ணினா தெரியுமா?"

கையக்கா செய்து காட்டினாள். இரண்டு கைகளும் ஆளுக்கொரு திசையில் பறந்தன. தலை இல்லை இல்லை என்று ஆடியது. ஒரு காலில் குதித்தாள். இல்லாத விளக்குமாறைச் சுழற்றினாள். வீட்டுக்குள் புகுந்த மாட்டைத் துரத்துகிறவள்போல, தீப்பிடித்த திரையை அணைக்கிறவள்போல, மூச்சிரைக்க மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனாள். பதினேழு வருடம் உடம்போடு ஒட்டிக்கிடந்த கைகள் அவை.

அரங்கம் சிரித்தது. நல்ல, பெரிய சிரிப்பு.

அவள் நின்றாள். சிரிப்பு அடங்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்களும் இப்படித்தான் சிரிச்சோம்" என்றாள். "நானும்தான். அரை விநாடி நானும் சிரிச்சேன்."

பின்வரிசைக்காரர் கைபேசியைப் பைக்குள் வைத்தார்.

"அப்புறம்தான் அவ முகத்தைப் பார்த்தேன். ஆடுறவ முகம் இல்லை அது. என்ன ஆபத்துன்னு எனக்குத் தெரியலை. எதுவுமே தெரியலை. ஆனா நிறுத்தினேன்." அவசரமாக நிறுத்தும் சாடையில் இரண்டு கைகளும் தோள் மட்டத்தில் அகல விரிந்தன, உள்ளங்கை தரையைப் பார்க்க. ஒரே வீச்சு. மேல்வீட்டுக்காரரின் கை நெம்புகோலோடு உறைந்தது. "கட்டு நின்னுச்சு. வெல்டர் தலைக்கும் அதுக்கும் ஏழடி. ஆளுங்களை விலக்கிட்டு, மெல்ல, மெல்ல இறக்கினோம். தரையில வெச்சு பெல்டைப் பார்த்தா, உள்ளங்கை அகலம் இருக்க வேண்டியது, இவ்வளவுதான் மிச்சம்." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு நகத்தின் இடைவெளியைக் காட்டினாள். கடைசி வரிசைக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் கடைசி வரிசையிலும் ஒருவர் "ஐயோ" என்றார்.

"எனக்குப் பயிற்சி இருந்துச்சு. இல்லைன்னு சொல்லலை. ஆனா அதைப் பார்த்தவளுக்குப் பயிற்சி கிடையாது, அவளை இந்தக் காகிதத்துல சேர்க்கவும் இல்லை. நான் கேக்கிறது ஒண்ணுதான். முதல் நாள் தலைக்கு ஹெல்மெட் குடுக்கிறீங்க இல்ல, அதோட 'நிறுத்து'ங்கிற சாடையையும் எல்லாருக்கும் குடுங்க. அதை இன்ஜினியர் காட்டினாலும் கிரேன் நிக்கணும், கூட்டுறவங்க காட்டினாலும் நிக்கணும். யாரும் சிரிக்கக்கூடாது." அவள் கை மூன்றாம் வரிசைப் பக்கம் நீண்டது. "அவ இங்கதான் இருக்கா. குருவி, எழுந்திரு."

குருவி நாற்காலிக்குள் புதைந்தாள். மகள் அவளுடைய முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். எழுந்து நின்றவள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தாள்.

கைதட்டலை முதலில் தொடங்கியது கடைசி வரிசைக்குப் பின்னால் நின்ற முடிதிருத்துகிறவர். அரங்கம் முழுக்க அதைப் பிடித்துக்கொள்ள ஒரு விநாடிகூட ஆகவில்லை. ஏழு நிமிடம் பேசியிருந்தாள் என்று மகள் பிறகு சொன்னாள். மணி பார்த்துச் சொல்ல வேண்டியவர் அதை மறந்துபோயிருந்தார்.

சத்தம் அடங்கியபோது முதல் வரிசையிலிருந்து தலைவி கையை உயர்த்தினார், வகுப்பில் சந்தேகம் கேட்கிற மாணவிபோல.

"இருபத்தெட்டு வருஷமா கட்டடம் கட்டுறேன்" என்றார். "நிறுத்துன்னு எப்படிக் காட்டணும்னு எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை காட்டுங்க."

கையக்கா காட்டினாள். தலைவி எழுந்து நின்று திருப்பிக் காட்டினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்திருக்க முடியுமா? எழுந்தார்கள். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். நெருக்கமான நாற்காலிகளுக்கு நடுவே கைகள் விரிந்து, ஒருவர் விரல் இன்னொருவர் மூக்கில் இடித்து, ஒரே கலகலப்பு. மேலாளரும் காட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, ஆனால் சரியாகக் காட்டினார்.

கீழே இறங்கியபோது டைத்தம்பி ஓடிவந்தான். "மேடம், நான் சொல்லிக் குடுத்த பன்னெண்டுல ஒண்ணுகூட நீங்க பண்ணலை."

"கோவிச்சுக்கிட்டீங்களா தம்பி?"

"கோவமா? நான் இனிமே யாருக்கும் எண் போட்டுக் குடுக்க மாட்டேன். அப்போ கையை எங்க வெச்சுக்கணும்னு நினைச்சீங்க?"

"நினைக்கவே இல்லை. பெல்டைத்தான் நினைச்சேன்" என்றாள் அவள்.

மேல்வீட்டுக்காரர் வந்து, கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு, வெகுநேரம் யோசித்து, "தங்கச்சி, குழாய்க் கட்டை நல்ல இடத்துல நிறுத்தினே" என்றார். பதினேழு வருடத்தில் அவர் சொன்ன முதல் பாராட்டு. அதற்கு முன்னால் பட்டயமும் கைதட்டலும் ஒன்றுமில்லை என்று கையக்காவுக்குத் தோன்றியது.

கணவருக்குத்தான் அன்று பேச்சே வரவில்லை. பேருந்தில் வீடு வரும்வரை பட்டயத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். இறங்குகிற நேரத்தில் முன்சீட்டுக்காரரின் தோளைத் தட்டி, "என் சம்சாரம்" என்று காட்டினார். அவ்வளவுதான். அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மரியாதையாக வணக்கம் வைத்தார்.

ஒரு வாரத்தில் சுற்றறிக்கை வந்தது. மேலாளரே எழுதியிருந்தார். அறிக்கையைத் திருத்தி அனுப்பிய நகலும் கூடவே இருந்தது. அதில் குருவியின் முழுப்பெயரும் வேலையும் இருந்தன. குருவிக்கு அப்படியொரு நீளமான பெயர் இருப்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. இனி எல்லாத் தளங்களிலும், முதல் நாள் வேலைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், நிறுத்தும் சாடையைக் கற்றுக்கொண்ட பிறகே உள்ளே விடப்படுவார். ஏற்கெனவே இருப்பவர்களும் கற்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு அறுபத்துமூன்று பேர் வாயிலுக்கு உள்ளே வரிசையில் நின்றார்கள். தச்சர்கள், மின் வேலைக்காரர்கள், பொறியாளர்கள், தேநீர் கொண்டுவருகிறவர், கணக்கு எழுதுகிறவர். கையக்கா முன்னால் நின்று காட்ட, குருவி வரிசைக்குள் நடந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனாள். கையில் அன்று விளக்குமாறு இல்லை. மூன்றாம் வரிசையில் ஃபோர்மேன் விசில் நின்றிருந்தார். அவர் கைகள் பாதிதான் விரிந்திருந்தன.

குருவி அவர்முன் நின்றாள். அவர் தரையைப் பார்த்தார்.

"சார், முழங்கை மடங்குது" என்றாள் குருவி. "இப்படிக் காட்டினா மேல இருக்கிறவருக்குத் தெரியாது." இரண்டு விரலால் அவர் முழங்கையைத் தொட்டு, மெதுவாக நேராக்கினாள்.

"இப்போ சரியாம்மா?" என்றார் விசில்.

"இப்போ சரி சார்" என்று சொல்லிவிட்டு, தத்தித் தத்தி அடுத்த ஆளிடம் போனாள் குருவி.